துணிச் சரக்கைக் கப்பலில் அனுப்புவது எப்படி: குறியீடு முதல் காலிக் கன்டெய்னர் வரை

துணி ஏற்றுமதிக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "கப்பல் எப்போது?" என்பதைத்தான். கப்பலில் இடம் பிடித்த பிறகு சுங்கக் குறியீட்டைத் தேடுவார்கள். பெட்டியை ஒட்டிய பிறகு லேபிள் நினைவுக்கு வரும். கப்பல் கிளம்பிய பிறகு காப்பீட்டைப் பற்றி விசாரிப்பார்கள். இப்படித் தலைகீழாகச் செய்தால் பாதி வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும். மீதிப் பாதியை இரண்டாம் முறை செய்யவே முடியாது. எனவே கீழே உள்ளதை அதே வரிசையில் படியுங்கள், அதே வரிசையில் செய்யுங்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: உங்கள் நாட்டின் ஏற்றுமதிப் பதிவு எண், வாங்குபவரின் இறக்குமதிப் பதிவு எண், அவருடைய சுங்கத் தரகரின் தொடர்பு, ஒரு நல்ல அளவுநாடா, எடைமேடை, சிறிய ஈரமானி. ஈரமானியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் ஐந்தாம் பகுதியைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம்.

1. முதலில் குறியீடு

எல்லா நாடுகளின் சுங்கமும் சரக்கை அடையாளம் காண்பது எச்.எஸ். குறியீட்டால். முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்று. அதற்குப் பின் வருவது நாட்டுக்கு நாடு மாறும். பின்னலாடைகள் 61ஆம் அத்தியாயம், நெசவுத் துணியில் தைத்த ஆடைகள் 62, படுக்கை விரிப்பு, துண்டு போன்றவை 63. நூலும் துணியும் 50 முதல் 60 வரை.

புதியவர்கள் சறுக்குவது 61க்கும் 62க்கும் நடுவில். "சட்டை" என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள். அது நெய்த துணியா, பின்னிய துணியா என்று சுங்க அலுவலருக்கு எப்படித் தெரியும்? ஆண்களின் நெசவுச் சட்டை 6205, போலோ சட்டை பின்னல் என்பதால் 6105, டி-ஷர்ட் 6109. சந்தேகமாக இருந்தால் துணியின் ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். இழைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கழன்று வந்தால் நெசவு, கண்ணி கண்ணியாக அவிழ்ந்தால் பின்னல்.

அடுத்தது இழை விகிதம். கலப்புத் துணியில் எடையில் எது அதிகமோ, அதன் கணக்கில் குறியீடு போகும். பருத்தியும் பாலியெஸ்டரும் சரிபாதி என்றால் குறியீட்டு வரிசையில் பின்னால் வருவதற்குப் போகும், அதாவது செயற்கை இழையின் பக்கம். இதெல்லாம் வெறும் இலக்கணம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பருத்தி டி-ஷர்ட்டின் அடிப்படைச் சுங்க வரி 16.5 சதவீதம், செயற்கை இழை டி-ஷர்ட்டுக்கு 32 சதவீதம். ஆய்வகம் கொடுத்த இழை அறிக்கை இல்லாமல் இன்வாய்ஸில் விகிதம் எழுதாதீர்கள். துணி வாங்கிய கடைக்காரர் சொன்னது அறிக்கை ஆகாது.

வரிச் சலுகைக்காக, சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் தோற்றச் சான்றிதழ் எடுப்பதாக இருந்தால் அதன் விதியையும் இப்போதே படியுங்கள். சில வர்த்தக ஒப்பந்தங்களில் வெட்டித் தைப்பது மட்டும் போதாது. நூலிலிருந்தோ துணியிலிருந்தோ உள்நாட்டில் உருவாகியிருக்க வேண்டும். தைத்து முடித்த பிறகு இது தெரிந்து பயனில்லை.

2. பொறுப்பு எங்கே கைமாறுகிறது

விலையைப் பேசும்போதே விற்பனை நிபந்தனையைப் பேசுங்கள். சர்வதேச விற்பனை நிபந்தனைகளின் தொகுப்பு இன்கோடெர்ம்ஸ்; இன்கோடெர்ம்ஸ் 2020 என்று ஆண்டையும் இடத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். "எஃப்.ஓ.பி." என்று மூன்று எழுத்து மட்டும் எழுதிவிட்டு, எந்தத் துறைமுகம் என்று பிறகு சண்டை போட்டவர்கள் நிறைய.

கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி.யை விட எஃப்.சி.ஏ. பொருத்தமானது. எஃப்.ஓ.பி.யில் சரக்கு கப்பலில் ஏறும்வரை இழப்பு விற்பவருடையது. ஆனால் கன்டெய்னரை நீங்கள் துறைமுக முனையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறீர்கள். அது அங்கே நாட்கணக்கில் காத்திருக்கிறது. உங்கள் கையில் இல்லாத சரக்குக்கு நீங்கள் பொறுப்பு. எஃப்.சி.ஏ.யில் ஒப்படைத்த இடத்தோடு பொறுப்பு முடிகிறது.

வாங்குபவராக இருந்தால், விற்பவரின் வாசலிலேயே சரக்கை எடுத்துக்கொள்ளும் எக்ஸ் ஒர்க்ஸ் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். ஏற்றுமதிச் சுங்க வேலையும் உங்கள் தலையில் விழும். அந்நிய நாட்டில் பதிவு இல்லாமல் அதைச் செய்ய முடியாது. சரக்கு, காப்பீடு, கப்பல் கட்டணம் மூன்றும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலையிலும் ஒரு மறைவு உண்டு: விற்பவர் மலிவான சரக்கு முகவரைப் பிடித்திருந்தால், இறங்கும் துறைமுகத்தில் அந்த முகவரின் உள்ளூர்க் கட்டணங்கள் உங்களுக்காகக் காத்திருக்கும். அந்தக் கட்டணப் பட்டியலை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

3. பெட்டியின் அளவைக் கன்டெய்னர் தீர்மானிக்கட்டும்

அட்டைப்பெட்டியை ஆர்டர் செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய கணக்கு இது. 40 அடி உயரக் கன்டெய்னரின் உள்ளளவு ஏறத்தாழ 12.03 மீட்டர் நீளம், 2.35 அகலம், 2.69 உயரம். கதவின் உயரம் சற்றுக் குறைவு, 2.58.

பலரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற 60 × 40 × 40 செ.மீ. பெட்டியை அதில் அடுக்கிப் பார்ப்போம். உயரத்தில் 6 அடுக்கு போனால் 2.40 மீட்டர், ஏழாவது ஏறாது. அகலத்தில் மூன்று பெட்டியை நீளவாக்கிலும் ஒன்றைக் குறுக்காகவும் வைத்தால் 2.20 மீட்டர். அடுக்குக்கு 110 பெட்டி, மொத்தம் 660; கனஅளவு 63.4 கன மீட்டர்.

அதையே 58 × 39 × 36 ஆக்குங்கள். அகலத்தில் நான்கு பெட்டி 2.32 மீட்டர். நீளத்தில் 30 வரிசை. உயரத்தில் 7 அடுக்கு 2.52 மீட்டர், கதவுக்குள்ளும் அடங்கும். மொத்தம் 840 பெட்டி, 68.4 கன மீட்டர். கப்பல் கட்டணம் மாறவில்லை, 5 கன மீட்டர் சரக்கு கூடுதலாக ஏறிவிட்டது.

இவை வெளியளவு, அதுவும் ஆடை நிரப்பிய பிறகு எடுத்த அளவு. காலிப் பெட்டியை அளந்து கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள், நிரப்பியதும் மேல்பக்கம் உப்பும். உப்பிய பெட்டி அடுக்கில் நிற்காமல் சாயும். அடியில் இருப்பது ஆறு பெட்டியின் பாரத்தை வாரக்கணக்கில் தாங்க வேண்டும் என்பதால் அட்டையின் தரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ரோல் துணி என்றால் கதை வேறு. கனம் அதிகம், 40 அடி நிரம்புவதற்குள் எடை வரம்பு முட்டிவிடும். அதற்கு 20 அடியே சரி. பாதை முழுவதிலும் உள்ள சாலை எடை வரம்பையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. முன்பதிவு: நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

சரக்கு கடைக்கு வர வேண்டிய நாளை முதலில் எழுதுங்கள். அதிலிருந்து சுங்கம், உள்ளூர்ப் போக்குவரத்து, கடல் பயணம், நடுத்துறைமுகத்தில் கப்பல் மாறும் காத்திருப்பு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். அட்டவணையில் போட்டிருக்கும் பயண நாள் கப்பலுடையது. உங்கள் சரக்குடையது அதைவிட நீளம்.

சரக்கு குறைவாக இருந்தால் எல்.சி.எல்., அதாவது பிறர் சரக்கோடு ஒரே கன்டெய்னரில். கட்டணம் 1 கன மீட்டர் அல்லது 1000 கிலோ, எது அதிகமோ அதன்படி. ஆடைக்கு எப்போதும் கனஅளவுதான் கணக்கு. 13 முதல் 15 கன மீட்டரை நெருங்கினால் முழு 20 அடிக்கும் விலை கேட்டு ஒப்பிடுங்கள். எல்.சி.எல்.லில் இன்னொரு வம்பு: பக்கத்துப் பெட்டியில் ரசாயனமோ ரப்பரோ இருந்தால் அதன் நெடி உங்கள் துணியில் ஏறும். யாரோ ஒருவரின் காகிதம் சரியில்லை என்று சுங்கம் பிடித்தால் உங்கள் சரக்கும் சேர்ந்து நிற்கும்.

இறங்கும் துறைமுகத்தில் கன்டெய்னரை எத்தனை நாள் இலவசமாக வைத்திருக்கலாம் என்பதை முன்பதிவின்போதே பேசி எழுத்தில் வாங்குங்கள். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள்.

5. ஈரம்

துணிச் சரக்கில் இழப்பு வருகிற பெரிய வாசல் இது. பருத்தி உலர்ந்திருப்பதுபோல் தோன்றினாலும் உள்ளே நீர் இருக்கிறது: சாதாரணச் சூழலில் அதன் உலர் எடையில் 8.5 சதவீதம். உலர் எடை 10 டன் உள்ள பருத்தியாடை என்றால் 850 கிலோ நீரை நீங்களே ஏற்றி, கதவைச் சாத்தி, சீல் வைக்கிறீர்கள். பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான் பிடிக்கும். கம்பளி பருத்தியைவிட மிக அதிகம்.

பகலில் கன்டெய்னரின் கூரை சூடாகிறது, உள்காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இரவில் தகடு குளிர்ந்ததும் அந்த ஈரம் கூரையின் உட்புறத்தில் துளியாகக் கோத்து, பெட்டிகள்மேல் சொட்டுகிறது. கன்டெய்னரில் ஓட்டையே இல்லாமல் உள்ளே மழை பெய்யும்.

ஒருமுறை என் பொறுப்பில் போன டி-ஷர்ட் சரக்கில் இது நடந்தது. பெட்டி வெளியே சுத்தமாக இருந்தது. ஒட்டுப்பட்டையைக் கிழித்ததும் ஈரமான சுவரின் வாடை வந்தது. உறைகளின் உட்பக்கம் வியர்த்த தடம். ஒவ்வொரு கழுத்துப் பட்டையின் மடிப்பிலும் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளி. பாதிக்கப்பட்டவை எல்லாம் கடைசி இரண்டு நாளில் கட்டியவை என்று பெட்டி எண்ணை வைத்துக் கண்டுபிடித்தோம். அவசரத்தில் நீராவி இஸ்திரி மேசையிலிருந்து எடுத்துச் சூடு ஆறுமுன்பே உறையில் போட்டிருக்கிறார்கள். தப்பு அவர்களுடையது மட்டுமில்லை. கப்பல் தேதியைச் சொல்லி விரட்டியது நான்.

அதனால் செய்ய வேண்டியவை:

இஸ்திரி ஆன ஆடையை ஆறவிட்டபின் உறையிடுங்கள். எத்தனை மணி நேரம் என்பது துணியின் கனத்தைப் பொறுத்தது. ஈரமானி வைத்துப் பாருங்கள், கையால் தொட்டுப் பார்ப்பது நம்பகமல்ல. தடித்த தையல், பட்டை, பையின் அடி ஆகிய இடங்களில் அளவெடுங்கள், ஈரம் கடைசியாக விலகுவது அங்கேதான்.

அட்டைப்பெட்டியும் ஈரம் குடிக்கும். வெறும் தரையில், மழைச்சாரல் படும் வாசலில் அடுக்கி வைத்த அட்டை சரக்கோடு சேர்ந்து தண்ணீரையும் கொண்டுபோகும்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம், கன்டெய்னர் சுவரில் தொங்கவிடும் கால்சியம் குளோரைடு உறிஞ்சி, இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்காதீர்கள். கடைசி அடுக்கின்மேல் தடித்த கிராஃப்ட் காகிதம் விரித்தால் சொட்டும் துளியை அது வாங்கிக்கொள்ளும்.

பொட்டலம் வாங்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பூஞ்சணத் தடுப்புக்காக டைமெத்தில் ஃபியூமரேட் சேர்த்த பொட்டலங்கள் தோலில் கொப்புளத்தை உண்டாக்கின. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் அதைத் தடை செய்துவிட்டது. மலிவான பொட்டலத்தால் முழுச் சரக்கும் திரும்பி வர வாய்ப்பு உண்டு.

6. காப்பீடு, பெட்டி கிளம்புமுன்

காப்பீட்டை கன்டெய்னர் வாசலைத் தாண்டுமுன் எடுத்துவிடுங்கள். தொகை வழக்கமாக சி.ஐ.எஃப். மதிப்பில் 110 சதவீதம். சி.ஐ.எஃப். விற்பனையில் விற்பவர் எடுக்கக் கடமைப்பட்டது, ஏ, பி, சி என்ற மூன்று வகையில் குறைந்தபட்சப் பாதுகாப்பான "சி" வகைதான். நீரில் நனைந்ததற்கும் திருட்டுக்கும் அது பெரும்பாலும் உதவாது. "ஏ" வகை கேளுங்கள்.

"ஏ" வகையிலும் ஒரு விலக்கு உண்டு. சரக்கின் உள்ளியல்பால் வந்த சேதம், போதாத பேக்கிங்கால் வந்த சேதம் ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது. நீங்களே கட்டி அனுப்பிய ஈரத்தால் வந்த பூஞ்சணம் அந்தக் கணக்கில்தான் போகும். ஐந்தாம் பகுதியை அவ்வளவு நீட்டியது இதற்காகத்தான்.

கப்பல் நிறுவனம் ஈடு கட்டாதா என்று கேட்பார்கள். கடல் சரக்குப் பொறுப்பு பற்றிய சர்வதேச ஹேக்-விஸ்பி விதிப்படி அதன் பொறுப்பு ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., எது அதிகமோ அதுதான் உச்சம். அதோடு, கப்பலைக் காப்பாற்றச் செய்த செலவைச் சரக்குக்காரர்கள் எல்லோரும் பங்கிட வேண்டிய பொதுச் சராசரி என்ற ஏற்பாடும் உண்டு. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற கன்டெய்னர் கப்பல் சிக்கியபோது அது அறிவிக்கப்பட்டது. தங்கள் சரக்குக்கு ஒரு கீறலும் இல்லாதவர்களும் பிணை கொடுக்க வேண்டியிருந்தது. காப்பீடு இருந்தால் அந்தப் பிணையைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். இல்லாவிட்டால் ரொக்கம் உங்கள் கையிலிருந்து.

7. லேபிள், பெட்டிக் குறி, பேக்கிங் லிஸ்ட்

ஆடையில் தைத்த லேபிளில் இழை விகிதமும் தயாரான நாடும், இறங்கும் நாடு கேட்கும் மொழியில் இருக்கட்டும். இன்வாய்ஸில் உள்ள விகிதமும் லேபிளில் உள்ளதும் ஒரு சதவீதம்கூட மாறக் கூடாது. சுங்கம் பெட்டியைத் திறந்தால் முதலில் கழுத்து லேபிளைத்தான் புரட்டும்.

பெட்டியின் இரண்டு பக்கமாவது ஒரே குறி: ஆர்டர் எண், வடிவ எண், நிறம், அளவுவாரி எண்ணிக்கை, நிகர எடை, மொத்த எடை, பெட்டி எண். பேக்கிங் லிஸ்டைப் பெட்டியை மூடும்போதே எழுதுங்கள். மாலையில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பிய பட்டியலில், கடைசியாகச் சேர்ந்த கலப்பு அளவுப் பெட்டி எப்போதும் தப்பாக இருக்கும்.

மரப்பலகைத் தட்டு பயன்படுத்தினால் அதில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை வேண்டும். மரத்தில் பூச்சி இல்லாதபடி, வழக்கமாக உட்பகுதியை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றி, பக்குவப்படுத்தியதற்கான அடையாளம் அது. முத்திரை இல்லாத ஒரே ஒரு தட்டு போதும், கன்டெய்னரை நிறுத்திவைக்க.

8. கன்டெய்னரைப் பரிசோதித்து ஏற்றுதல்

காலிக் கன்டெய்னர் வந்ததும் ஒருவர் உள்ளே போய் நிற்க, வெளியே இருப்பவர் கதவைச் சாத்தட்டும். இருட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே நீர் இறங்கும். அப்படியே மூக்கையும் பயன்படுத்துங்கள். முன்பு ஏற்றிய சரக்கின் நெடி மரத்தரையில் தங்கியிருந்தால் கன்டெய்னரை மாற்றச் சொல்லுங்கள். துணியில் ஏறிய வாடை போகாது. தரையில் ஈரமோ எண்ணெயோ, நீட்டிய ஆணியோ இருந்தாலும் அப்படியே. ஓட்டுநர் அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.

ஏற்றும்போது நான்கு கட்டத்தில் படம் எடுங்கள்: காலி, பாதி, முழுவதும், சீல் வைத்த கதவு. சீல் ஐ.எஸ்.ஓ. 17712 தரத்து போல்ட் சீலாக இருக்க வேண்டும். அதன் எண்ணைப் படத்தைப் பார்த்து எழுதுங்கள், வாயால் சொல்லக் கேட்டு எழுதினால் ஓர் இலக்கம் மாறும்.

9. எடையும் கெடு நேரமும்

2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடை இல்லாமல் எந்தக் கன்டெய்னரும் கப்பலில் ஏறாது. வி.ஜி.எம். என்பார்கள். நிரம்பிய கன்டெய்னரை எடைபோடலாம். அல்லது சரக்கு, பேக்கிங், தாங்குபொருள் எல்லாவற்றின் எடையையும் கூட்டி, கதவில் எழுதியிருக்கும் காலி எடையைச் சேர்க்கலாம். பேக்கிங் லிஸ்டின் மொத்த எடையையே வி.ஜி.எம். என்று அனுப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. அதில் கன்டெய்னரின் எடையே சேரவில்லை.

ஆவணக் கெடு, எடைக் கெடு, கன்டெய்னர் உள்ளே நுழையும் கெடு என்று மூன்று தனித்தனி நேரங்கள் உண்டு. ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்த கப்பல்தான்.

அமெரிக்காவுக்குப் போகிறது என்றால், ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்னதாக இறக்குமதியாளர் பாதுகாப்பு அறிவிப்பு தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்பவர் வாங்குபவர். ஆனால் தயாரிப்பாளரின் முகவரி, கன்டெய்னர் நிரப்பிய இடம், 6 இலக்கக் குறியீடு எல்லாம் உங்களிடமிருந்துதான் போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் நுழைவு அறிவிப்பு ஏற்றுமுன் உண்டு.

10. பில் ஆஃப் லேடிங்

சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும், சரக்கைப் பெறக் காட்ட வேண்டிய ஆவணம் இது. சரக்கு முகவர் அனுப்பும் அதன் வரைவைக் காகிதத்தில் அச்செடுத்து, இன்வாய்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டுப் படியுங்கள். பெறுநர் பெயர், தகவல் பெறுபவர், பெட்டி எண்ணிக்கை, எடை, கன்டெய்னர் எண், சீல் எண், கட்டணம் யார் கட்டுவது. "1 கன்டெய்னர்" என்று மட்டும் இருந்தால் "840 பெட்டிகள்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன பொதிவாரி ஈட்டுத் தொகை அந்த எண்ணைப் பொறுத்தது.

பணம் வந்து சேராத நிலையில் மூலப்பிரதிகளைக் கைவிடாதீர்கள். மூலப்பிரதி இல்லாமலே சரக்கைக் கொடுக்கச் சொல்லும் டெலக்ஸ் ரிலீஸுக்கும் சம்மதிக்காதீர்கள். வழக்கமாக மூன்று மூலப்பிரதி. அவற்றில் ஒன்றைக் காட்டினாலே சரக்கு கிடைத்துவிடும். சீ வேபில் என்றால் காகிதமே தேவையில்லை, பெறுநர் தன்னை நிரூபித்தால் போதும். நீண்டநாள் பழகிய வாங்குபவருக்கு மட்டும் அது சரி.

வாங்குபவரின் வங்கி உறுதி தரும் கடன் கடிதம் (எல்.சி.) மூலம் பணம் என்றால், அவற்றுக்கான சர்வதேச யு.சி.பி. 600 விதிப்படி ஏற்றிய நாளிலிருந்து 21 நாட்களுக்குள், கடிதம் காலாவதியாகுமுன், ஆவணங்கள் வங்கிக்குப் போக வேண்டும். கடிதத்தில் "மென்ஸ் நிட்டட் டி-ஷர்ட்ஸ்" என்று இருந்தால் இன்வாய்ஸிலும் அதே சொற்கள். திருத்தி அழகாக எழுத வேண்டாம்.

11. இறங்கும் இடத்தில்

கப்பல் சேருமுன்பே ஆவணங்கள் சுங்கத் தரகரிடம் இருக்க வேண்டும். இலவச நாட்கள் தாண்டி முனையத்துக்குள் கன்டெய்னர் நின்றால் டெமரேஜ். வெளியே எடுத்துவந்து திருப்பித் தராமல் வைத்திருந்தால் டிடென்ஷன். இரண்டும் நாள் கூடக்கூட ஏறும்.

கதவைத் திறக்குமுன் சீல் எண்ணைப் படமெடுங்கள். பெட்டி நசுங்கியோ நனைந்தோ இருந்தால் கையெழுத்துப் போடும் ரசீதிலேயே அதை எழுதுங்கள். வெளியே தெரியாத சேதம் என்றால் 3 நாட்களுக்குள் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழக்குக்கு ஓராண்டு வரை நேரம். நனைந்த பெட்டிகளைத் தனியே வையுங்கள். ஆனால் காப்பீட்டு ஆய்வாளர் வரும்வரை தூக்கி எறியாதீர்கள்.

சரக்கு இறங்கியதும் எல்லோரும் துணியைப் பார்க்கப் போய்விடுவார்கள். வாசலில் காலிக் கன்டெய்னர் நிற்கும். பெருக்கி, ஒட்டுப்பட்டைத் துண்டுகளை அகற்றி அன்றே அனுப்பிவிடுங்கள். லாரி ஓட்டுநர் திரும்பி வரும்போது காலிக் கன்டெய்னரை ஒப்படைத்த ரசீது அவர் கையில் இருக்க வேண்டும், அதில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும்.